மேலக்காவின் உடம்பு

நூற்று ஏழு கிலோ. கம்பெனி மருத்துவ அறையின் எடை மேடை அந்த எண்ணைக் காட்டிவிட்டு அசையாமல் நின்றது. மேலக்கா செருப்பைக் கழற்றியிருந்தாள், கழுத்துச் சங்கிலியைக் கழற்றியிருந்தாள், உள்ளே இருந்த மூச்சைக்கூட வெளியே விட்டுப் பார்த்தாள். எண் மசிவதாக இல்லை. போன மாதத்துக்கு இரண்டு கிலோ கூடியிருந்தது.

நூற்றுப் பத்தைத் தாண்டினால் அவள் கிரேனை மறந்துவிட வேண்டியதுதான். அறுபது மீட்டர் உயரத்தில், ஒரு ஆள் உட்காரும் கூண்டுக்குள் ஓட்டுநர் மயங்கி விழுந்தால் கயிற்றில் கட்டிக் கீழே இறக்க ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அது தாங்குவது நூற்றுப் பத்துக் கிலோ. ஆண்டுச் சான்றிதழுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. சர்க்கரை வேறு போன வருடமே எல்லையைத் தாண்டி மாத்திரைக்கு வந்துவிட்டது. ஆக, தலைக்கு மேல் இரண்டு கத்தி.

மேலக்கா என்பது கட்டட வேலைக்காரர்கள் வைத்த பெயர். காலை ஏழு மணிக்கு டவர் கிரேனின் ஏணியில் ஏறினால் மாலை நாலு மணிக்குத்தான் தரையில் கால் வைப்பாள். பதினோரு வருடமாக இந்த வேலை. ஒரு பெண்பிள்ளை கையில் ஐந்து டன் இரும்பைக் கொடுப்பதா என்று தொடக்கத்தில் வாயைப் பிளந்தவர்கள் உண்டு. அதே ஆட்கள்தான் இப்போது கண்ணாடி ஏற்ற வேண்டும் என்றால், மேலக்கா வரட்டும் என்று மறுநாள் வரை காத்திருக்கிறார்கள்.

கீழே நின்று அவளுக்குச் சிக்னல் சொல்பவர் அவள் கணவர். பாரம் எங்கே இறங்குகிறது என்பதை ஓட்டுநரால் எப்போதும் பார்க்க முடியாது. கட்டடத்தின் பின்பக்கம் இறக்கும்போது அவளுக்குத் தெரிவதெல்லாம் இரும்பு வடமும் கொஞ்சம் வானமும்தான். அதை ‘மறைவு’ என்பார்கள். கொக்கியிலேயே கேமரா வைத்த கிரேன்கள் வந்துவிட்டனவாம். இவர்களுடையது பழைய காலத்து இயந்திரம். மறைவு வேலையில் ஒயர்லெஸ்ஸில் வரும் சிக்னல்காரரின் குரல்தான் ஓட்டுநருக்குக் கண். அவர் “இறக்கு” என்றால் இறக்க வேண்டும், “நிறுத்து” என்றால் நிறுத்த வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது மாதம் அந்தக் குரலை நம்பியே பாரம் தூக்கியவள் அவள். முகம் பிடித்துப்போனதெல்லாம் பிற்பாடுதான். பகல் முழுக்க அவர் சொன்னபடி இவள் ஆடுவாள், வீட்டுக்கு வந்ததும் இவள் சொன்னபடி அவர் ஆடுவார், இரண்டு பேருக்கும் நியாயமாகப் போயிற்று என்று கட்டுமானத் தளத்தில் கேலி பேசுவார்கள். அது உண்மையாகவும் இருந்தது, இரண்டு வருடத்துக்கு முன்பு வரை.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் எண்பது கிலோ இருந்தாள். ஒல்லி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஏணியை இரண்டு இடத்தில் மட்டும் நின்று ஏறிவிடுவாள். இப்போது ஆறு இடத்தில் நிற்கிறாள். கால் மெலிந்துதான் இருந்தது, கை மெலிந்துதான் இருந்தது, வயிறு மட்டும் முன்னால் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பச்சைத் தண்ணீரைக் குடித்தாலும் உடம்பு போடுகிறது என்று அவள் சொன்னால் கேட்பவர்கள் உதட்டுக்குள் சிரித்தார்கள். குண்டானவர்கள் எல்லோரும் சொல்வதுதானே.

அதிலும் நாத்தனார் இருக்கிறாளே, அவள் சிரிப்போடு விடும் ரகம் இல்லை. கணவரின் தங்கை, இவர்கள் வீடு இருந்த கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் குடியிருந்தாள். உடற்பயிற்சிக் கூடத்தில் வரவேற்பு மேசையில் வேலை. அந்த மேசையில் உட்கார்ந்ததாலேயே தானும் பாதி டாக்டர் என்று ஒரு எண்ணம். அண்ணன் வீட்டுப் பிஸ்கட் டப்பாவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். முட்டைகளின் மேல் பேனாவால் தேதி எழுதினாள். அண்ணி தட்டில் எடுத்து வைப்பது இவ்வளவுதான் என்று கண்ணாலேயே அளந்து பார்த்துவிட்டு, அப்படியானால் மிச்சம் எங்கே உள்ளே போகிறது என்று துப்புத் துலக்கத் தொடங்கினாள். அவளுடைய முடிவு, மேலே கூண்டுக்குள் ஏதோ இருக்கிறது என்பது. யார் கண்ணுக்கும் படாத இடம் அது ஒன்றுதானே.

இந்த ஊகத்தைக் கணவர் தளத்துக்குக் கொண்டுபோனார். ஒருநாள் ஒயர்லெஸ்ஸில், எல்லோருக்கும் கேட்கும் பொதுச் சானலில், மேலே கேண்டீன் திறந்தாயிற்றா, இன்றைக்கு என்ன ஸ்பெஷல் என்று கேட்டுவைத்தார். தளம் முழுக்கச் சிரித்தது. மேலக்கா லீவரைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கண் மறைக்கும், கண் மறைத்தால் கீழே யார் தலையிலாவது விழும் என்று விழுங்கிக்கொண்டாள்.

உண்மையில் அந்தக் கூண்டில் ஒரு பாட்டில் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது. அதையும் பாதிதான் குடிப்பாள். கழிப்பறைக்காக அறுபது மீட்டர் இறங்கி ஏற யாரால் முடியும்? காலையில் வயிறு பிசைவதால் சாப்பிட மாட்டாள், மத்தியானம் சாப்பாடும் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் சாப்பிடுவாள். நாத்தனார் பார்ப்பது அந்தச் சாப்பாட்டை.

ஆனால் மேலக்காவின் வயிற்றைப் பிசைந்தது பசி இல்லை. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். கணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் கண் டாக்டரிடம் போய்வந்தார். கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி நரம்பைத் தின்றுகொண்டிருந்தது. நேராகப் பார்ப்பது நன்றாகவே தெரியும். கடிதம் படிப்பார், தூரத்துப் பலகையைப் படிப்பார். பக்கவாட்டுப் பார்வைதான் இரண்டு புறமும் சுருங்கிவிட்டது. போனது போனதுதான், திரும்ப வராது, சொட்டு மருந்து விட்டு இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியின் கண் சோதனை சுவரில் மாட்டிய எழுத்து அட்டையோடு சரி. அதில் அவர் ஒவ்வொரு முறையும் கடைசி வரி வரை படித்துத் தேறினார்.

“சிக்னல் சொல்றது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. யார்கிட்டயும் சொல்லிடாத. நீ மேல இருக்கும்போது எனக்கு என்ன பயம்” என்றார் அன்று. அவள் தலையாட்டினாள். கிரேன்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. கண்ணாக இருக்க வேண்டியவருக்கு இவள் கண்ணாக இருப்பதென்று முடிவு செய்தாள், அதுவும் அறுபது மீட்டர் மேலேயிருந்து.

அன்றிலிருந்து ஒவ்வொரு பாரத்திலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவருடைய இரண்டு பக்கமும் பார்த்தாள். யாராவது பக்கவாட்டில் நடந்து வந்து பாரத்துக்கு அடியில் நுழைந்தால், அவர் “இறக்கு இறக்கு” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவள் நிறுத்திவிடுவாள். ஏன் நிறுத்தினாய் என்று பொறியாளர் கேட்டால், மேலே காற்று அடிக்கிறது என்பாள். ஓட்டுநர் காற்று என்றால் யாரும் மறுக்க முடியாது. முதல் வருடம் மறுக்கவில்லை. பிறகு பொறியாளர் கிரேன் உச்சியில் கட்டிய கொடியைப் பார்க்கத் தொடங்கினார். கொடி துணி காயப்போட்டதுபோலத் தொங்கிக்கொண்டிருக்கும், மேலக்கா காற்று என்பாள். உடம்பு பெருத்துப் போச்சு, கை ஓடவில்லை, சாக்குச் சொல்கிறாள் என்று பேச்சு எழுந்தது.

இதுவாவது பரவாயில்லை. மறைவு வேலை இருக்கிறதே, அதில் அவளாலும் பார்க்க முடியாது, அவராலும் பார்க்க முடியாது. “க்ளியர், இறக்கு” என்று குரல் வரும். அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறக்குவாள். கொக்கி லேசாகி, பாரம் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று கைக்குத் தெரியும் வரை இதயம் காதுக்குள் அடிக்கும். ஒரு நாளைக்கு ஆறு மறைவு. ஏழுகூட வரும். இரண்டு வருடத்துக்கு எத்தனை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இரவில் கண்ணை மூடினால் வடம் இறங்கிக்கொண்டே இருக்கும். நாலு மணி நேரம் தூங்கினால் அது நல்ல தூக்கம்.

நூற்று ஏழைப் பார்த்த அன்று கம்பெனி டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. எல்லோரும் திட்டியதால் இவரும் திட்டுவார் என்று முகத்தை இறுக்கிக்கொண்டு வந்தவளுக்கு அதுவே என்னமோபோல் இருந்தது. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்றைக் கொடுத்தார். சாப்பாட்டை மட்டும் பார்த்தால் போதாது, நாள் முழுக்க என்ன ஆகிறது என்று பார்க்கலாம், மேலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலைக்கு முன்னும் பின்னும் குத்தி நேரம் போட்டு எழுதி வாருங்கள், சாப்பிட்டதையும் எழுதுங்கள் என்றார்.

இரண்டு வாரம் எழுதினாள். பொய் எழுதவில்லை, சாயங்காலச் சாப்பாட்டைக்கூடக் குறைக்காமல் எழுதினாள். மூன்றாம் நாளே ஒன்று கண்ணில் பட்டது. காலை பத்து மணிக்கு நூற்று நாற்பத்தாறு. பின்பக்கம் ஒரு மறைவு, கம்பிக்கட்டு இறக்கியாயிற்று. அரைமணி கழித்து இருநூற்று எட்டு. இடையில் ஒரு வாய் தண்ணீர்தான் குடித்திருந்தாள். மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு விரலில் குத்தினாள். இருநூற்றுப் பத்து.

டாக்டரம்மா அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு படமாகவே விளக்கினார். ஆபத்து என்று மூளைக்குத் தோன்றினால் சிறுநீரகத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு ஆணை போகிறது. அட்ரினலின் வருகிறது, பின்னாலேயே கார்டிசால் வருகிறது. ஓடு, இல்லாவிட்டால் சண்டை போடு, அதற்குச் சர்க்கரை வேண்டும் என்று ஈரலைத் திறந்துவிடுகின்றன. நீங்களோ ஓடவும் இல்லை, சண்டையும் போடவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். செலவாகாத சர்க்கரையை அடக்க இன்சுலின் மேலும் மேலும் சுரக்கிறது. தசைகள் அதன் பேச்சைக் கேட்பதைக் குறைத்துக்கொள்கின்றன. மிஞ்சுவது கொழுப்பாகிறது, கார்டிசாலுக்கு வயிற்றுக் கொழுப்பின் மேல் தனிப் பிரியம். எப்போதோ ஒருநாள் நடந்தால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். தினமும் ஆறு முறை நடந்தால் அதுவே அதன் வழக்கமாகிவிடுகிறது. தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறுகிறது, போதும் என்று சொல்லும் ஹார்மோன் இறங்குகிறது. அதனால்தான் சாயங்காலம் உங்களால் நிறுத்த முடியவில்லை.

“நீங்க ஒளிச்சு வச்சுச் சாப்பிடல. அது இந்த நோட்டுலயே தெரியுது. ஆனா பகலெல்லாம் பட்டினி கிடந்து சாயங்காலம் மொத்தமா சாப்பிடுறதும் சரியில்ல. ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்” என்றார்.

முதல் வாக்கியத்தோடு மேலக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு வருடத்தில் அவளைத் திருடி என்று நினைக்காமல் பேசிய முதல் ஆள். நோட்டை வாங்கிக்கொண்டு போய் நாத்தனார் முகத்தில் வீச வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதற்குள் டாக்டரம்மா ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். அதில் எழுதியிருந்த மூன்று நாளும் எண்கள் ஏறவே இல்லை. நூற்று முப்பது, நூற்று நாற்பத்திரண்டு, நூற்று இருபத்தெட்டு. அந்த நாட்களிலும் மறைவு உண்டு. காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும்கூட எழுதியிருந்தது. சாப்பிட்ட நாளில் குறைவு, சாப்பிடாத நாளில் அதிகம்.

“இந்த மூணு நாள் என்ன ஆச்சு?”

மேலக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த மூன்று நாளும் கணவருக்குக் காய்ச்சல். வேறொரு சிக்னல்காரர் நின்றார். அந்த மனிதர் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருப்பார். அவளுக்குப் பசித்தது, சாப்பிட்டாள்.

கணவர் விடுப்பில் இருந்தார் என்பதை டாக்டரம்மாவே வருகைப் பதிவேட்டில் பார்த்துவிட்டிருந்தார். குரலைத் தாழ்த்தி, வீட்டில் அடிக்கிறாரா என்று கேட்டார். மேலக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கொசுவைக்கூட அடிக்க மாட்டார் என்றாள். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று.

“எதுவா இருந்தாலும் சரி. அடுத்த வியாழக்கிழமை நான் கையெழுத்துப் போடணும். காரணம் தெரியாம இந்த எண்களோட உங்களை மேல அனுப்ப மாட்டேன். அங்க மயங்கினா நீங்க மட்டும் விழ மாட்டீங்க.”

வீட்டுக்கு நடந்து வரும்போது முதலில் தோன்றியது, சரி, இறங்கிவிடலாம் என்பதுதான். கிரேன் போனால் போகட்டும், கிடங்கில் ஏதாவது வேலை தருவார்கள், ஆளை விட்டால் போதும். இரண்டு தெரு தாண்டியதும் கால் நின்றுவிட்டது. அவள் இறங்கினால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். அவருக்கு ஒன்றும் தெரியாது. “க்ளியர்” என்ற குரல் வந்தால் நம்புவார். ஏன் நம்பக் கூடாது? அந்தக் குரல் இருபது வருடம் ஒரு கீறல் இல்லாத குரல். இரண்டு வருடமாக ஒரு உயிரும் போகாததற்குக் காரணம் காற்று என்று அவள் சொன்ன பொய்கள்தான், அதை அவளால் யாரிடமும் சொல்ல முடியாது. மேலே இருந்தால் அவள் உடம்பு போகும், கீழே வந்தால் யாரோ ஒருவர் போவார்.

அன்று மாலை கணவரிடம் நோட்டைக் காட்டினாள். கோபப்படாமல், எண்ணுக்கு எண் விளக்கினாள். நாமே போய்ச் சொல்லிவிடலாம், வேறு வேலை கேட்கலாம், நான் கூட வருகிறேன் என்றாள். அவர் நோட்டை மூடி மேசை மேல் வைத்தார்.

“நீ வாயைக் கட்ட முடியாம, என் கண்ணு மேல பழி போடுறியா?”

அவள் இந்தப் பத்து வருடத்தில் அவரை வெறுத்தது அந்த ஒரு நிமிடம்தான். நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவருக்குப் பயம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால் வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் பின்பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இறக்க வேண்டியிருந்தது. இரண்டே கால் டன் எஃகு. கட்டடத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. அங்கேதான் ஓடு பதிப்பவர்கள் குறுக்குவழியாகப் போய்வருவார்கள். முழு மறைவு. தொட்டி கட்டடத்தின் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் அவள் கண்ணைவிட்டு மறைந்தது.

“க்ளியர். இறக்கு” என்றது குரல்.

அவள் இறக்கத் தொடங்கினாள். பத்து மீட்டர். இருபது. குரல் சொல்லிக்கொண்டே வந்தது. இன்னும் நாலு மாடி உயரம் இருக்கும்போது அவள் கை தானாக நின்றது. பார்த்து நிறுத்தவில்லை, பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. கைக்கு அதற்கு மேல் முடியவில்லை, அவ்வளவுதான். உள்ளங்கை நனைந்து லீவர் வழுக்கியது.

“ஏன் நிறுத்தினே? இறக்கு.”

“உங்க வலது பக்கம் யாராவது நிக்கிறாங்களா?”

“யாரும் இல்ல. இறக்கு.”

“கழுத்தைத் திருப்பிப் பார்த்துட்டுச் சொல்லுங்க.”

பொதுச் சானலில் தளத்தின் எழுபது பேரும் காது வைத்திருந்தார்கள். பொறியாளர் குறுக்கே வந்து, என்ன பிரச்சினை, காற்றா என்று கேட்டார். குரலில் கேலி இருந்தது. காற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்னொரு நாள் ஓடிவிடும். வியாழக்கிழமைக்கு அப்புறம் யார் தலையில் விழுந்தாலும் அவள் பார்க்கப்போவதில்லை.

“காத்து இல்ல” என்றாள் மேலக்கா. “இத்தனை நாளும் காத்து இல்ல. அவருக்குப் பக்கத்துல இருக்கிறது தெரியாது. கண்ணுல நோய். ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். வேற ஆள் வராம நான் இதை இறக்க மாட்டேன்.”

இரண்டே கால் டன் தொட்டி காணாத இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பதினாறு நிமிடம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொறியாளர் சந்துக்கு ஓடியது ஒயர்லெஸ்ஸில் கேட்டது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: சந்தில் ஒருவரும் இல்லை. வலது பக்கம், இடது பக்கம், எங்கேயும் இல்லை. அவள் கணவர் சொன்னது சரிதான், க்ளியர்தான்.

வேறு சிக்னல்காரர் வந்தார், தொட்டி இறங்கியது. மாலையில் மேலக்கா ஏணியை விட்டு இறங்கியபோது யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும், சும்மா இருந்த மனுஷனைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள் என்று அவள் காதுபட முணுமுணுத்தார். கணவர் மத்தியானமே போய்விட்டிருந்தார், வீட்டுக்கு வரவில்லை. கீழ்த்தளத்தில் தங்கையோடு இருந்தார். நாத்தனார் மாடி ஏறி வந்து வாசலிலேயே நின்றாள்.

“அண்ணனை நாலு பேர் முன்னாடி குருடன்னு சொல்லிட்டீங்களே அண்ணி. அங்க யாருமே இல்லையாமே. உங்க உடம்புக்குச் சாக்கு வேணும்னா அவர்தான் கிடைச்சாரா?”

மேலக்காவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை எல்லாம் என் மனப்பிரமையோ, இல்லாத ஆளைப் பார்த்துப் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொண்டேனோ, அவர் சரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரோ. புதன்கிழமை வேலைக்குப் போகவில்லை, காலை முழுக்க அந்த எண்ணம் அவளைத் தின்றது. அவமானமாக இருந்தது, அவர் இல்லாத வீடு சகிக்கவில்லை. ஆனால் வெட்கக்கேடு, அன்று மத்தியானம் படுத்தவள் நேரே மறுநாள் விடியும் வரை தூங்கினாள். புருஷனை ஊர் சிரிக்க வைத்துவிட்டு இப்படி ஒரு தூக்கமா என்று எழுந்ததும் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை எடை நூற்று எட்டு. ஒரு கிலோ கூடியிருந்தது. டாக்டரம்மாவுக்குத் தளத்தில் நடந்தது தெரிந்திருந்தது. எடை இரண்டு நாளில் இறங்காது, இரண்டு வருடத்தில் ஏறியது மெதுவாகத்தான் இறங்கும், எவ்வளவு இறங்கும் என்றும் என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். காலைச் சாப்பாடு கட்டாயம், மத்தியானம் ஒரு முறை இறங்கி வந்து சாப்பிட கம்பெனிக்கு எழுதித் தருகிறேன் என்றார். மூன்று மாதத்துக்குத் தற்காலிகச் சான்றிதழ் கொடுத்தார். மேலக்கா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கிடைத்தது என்ற சந்தோஷம் எட்டவில்லை.

வீட்டுக்கு வந்தால் கணவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போடும் மஞ்சள் மேல்சட்டை இல்லாமல் அந்த நேரத்தில் அவரைப் பார்த்து நாளாயிற்று. அவள் கதவருகிலேயே நின்றாள். திட்டுவார் என்று காத்திருந்தாள், திட்டட்டும் என்றும் இருந்தது.

“நேத்து பொறியாளர் கூப்பிட்டாரு” என்றார். “அந்தச் சந்துலயே என்னை நிக்க வச்சாரு. நேரா பாருங்க, எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு சொல்லுங்கன்னாரு. பார்த்தேன். நல்லா நிதானமாத்தான் பார்த்தேன். நாலு பேருன்னு சொன்னேன்.”

அவர் கைவிரல்களை மேசை மேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலக்கா பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவர் தலையை முழுக்கத் திருப்பி அவளைப் பார்த்தார். அப்படித் திருப்பினால்தான் அவள் அங்கே இருப்பது தெரிகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுததெல்லாம் அவர் கண்ணில் பட்டதே இல்லை.

“ஏழு பேர் நின்னாங்களாம்” என்றார். “அந்த மூணு பேரும் கையை நீட்டினா தொடுற தூரத்துலதான் நின்னாங்க.”